உங்கள் லான்சர் கப்பல்துறையில் ஓடிய விபரம்

பாலையூற்று,
திருகோணமலை.
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய இராசதுரை அத்தான் அவர்களுக்கு,

பாலையூற்றிலிருந்து உங்கள் மைத்துனன் அருளம்பலம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாக்கியரத்தினமும் மகள் கீர்த்தனியும் சுகம். அங்கே கனடாக் குளிரில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கப் பத்திரகாளி அம்மாளை வேண்டிக்கொள்கிறோம். உங்கள் காரும் சுகம். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் என்று பாக்கியம் பின்னால் நின்று சொல்கிறாள். முப்பத்திரண்டு வருடம் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவனுக்கு ஒரு கடிதத்தில் எது முதலில் வர வேண்டும் என்று தெரியும் என்பதால் நான் அதை மாற்றவில்லை.

நேற்றுக் காலை தொலைபேசியில் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டீர்கள். ஒன்று, முகநூலில் யாரோ போட்டிருக்கும் படத்தில் நிற்பது என்னுடைய லான்சரா? இரண்டு, அதன் கதவில் இருபத்தேழு என்று ஏன் ஒட்டியிருக்கிறது? மூன்று, முன்கண்ணாடியில் பாதியைப் பத்திரிகைத் தாளால் ஏன் மூடியிருக்கிறது? நான்காவதாக நீங்கள் சொன்னது கேள்வி அல்ல. அதற்குப் பிறகு அக்கா போனை வாங்கி, "தம்பி, இவருக்குப் பிறசர் ஏறுது. நீ ஆறுதலாக் கடிதம் எழுது. வாசிக்கேக்க இடையில கத்த ஏலாதுதானே" என்றார். கடிதம் வந்து சேர மூன்று கிழமை ஆகும், அதற்குள் கோபமும் ஆறிவிடும் என்பது அக்காவின் கணக்கு. விடைகள் வருமாறு. ஓம், உங்களுடைய கார்தான். இருபத்தேழு எங்களுக்குக் கிடைத்த இலக்கம். பத்திரிகைத் தாள் என்னுடைய நன்மைக்காக ஒட்டப்பட்டது. இதோடு முடித்துக் கையெழுத்து வைக்கலாம் என்றுதான் இருந்தேன். மூன்றாவது விடை உங்களுக்குப் போதாது என்று கீர்த்தனி சொன்னதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

கடைசியாக இங்கே வந்து திரும்பும்போது லான்சரை என் பொறுப்பில் விட்டுப் போனீர்கள். கிழமைக்கு இரண்டு தரம் ஸ்டார்ட் பண்ண வேண்டும், நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, மழைக்குள் எடுக்கக் கூடாது, பாக்கியம் கதவை அடித்துச் சாத்தக் கூடாது என்று நீங்கள் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி வரவேற்பறைச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். இந்த வருடம் மாசி மாதம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாசியில் ஒரு சிறு சம்பவம். அதை உங்களுக்கு அப்போது அறிவிக்கவில்லை, இப்போது அறிவிக்கிறேன். உட்துறைமுக வீதியில் வந்துகொண்டிருந்தேன். நேர் வீதி, முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனம் இல்லை, வேகமும் முப்பதுதான். வீதி ஓரத்தில் புதிதாக ஒரு மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள். கண்டவுடனே, ஐயோ, இதில் முட்டிவிடக் கூடாதே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அதையே பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பலகை கிட்ட வந்தது. "மெதுவாகச் செல்லவும்" என்று எழுதியிருந்ததை மூன்று மொழியிலும் வாசித்து முடித்தேன், பிறகு முட்டினேன். பலகை வளையவில்லை. பம்பர் மட்டும் கொஞ்சம் வளைந்தது, அதை அப்போதே நிமிர்த்தியாயிற்று, நீங்கள் வந்து பார்த்தாலும் தெரியாது.

பம்பரை நிமிர்த்த முடிந்தது, அத்தான், ஆனால் என்னை நிமிர்த்த ஏலாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரண்டு கையும் நடுங்கத் தொடங்கியது. மதிலைக் கண்டால் மதில் இழுத்தது, மாட்டைக் கண்டால் மாடு இழுத்தது. ஒரு நாள் ஒரு கலியாண வீட்டு வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டே போய், கீர்த்தனி கைப்பிறேக்கை இழுத்ததால் மாப்பிள்ளை வீட்டார் மயிரிழையில் தப்பினார்கள். அன்று மாலையே பாக்கியம் கார்த் திறப்புச் சாவியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கதைத்திருப்பேன். அதன் பிறகு எங்கே போவதென்றாலும் கீர்த்தனிதான் தாயிடம் திறப்பை வாங்கி ஓட்டினாள், நான் பக்கத்தில் இருந்து சாலையோரக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். இப்போது கீர்த்தனிக்குக் கொழும்பில் வேலை கிடைத்து வருகிற மாதம் போகிறாள். பாக்கியத்தின் தங்கையும் வயலும் கிளிவெட்டியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கு வெள்ளி அங்கே போகாவிட்டால் இவளுக்கு அந்தக் கிழமை ஓடாது. இனி பஸ்ஸில் போவேன், இரண்டு பஸ் மாறினால் சரிதானே என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னபோது நான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவப் போனேன்.

அப்படியிருக்கும்போதுதான் போன சனிக்கிழமை கீர்த்தனி வந்து, "அப்பா, நாளைக்குக் கப்பல்துறையில ஒரு கார் பழக்கம் நடக்குது. லான்சரக் கொண்டுபோவம். நீங்கள் சும்மா வந்து பாருங்கோவன்" என்றாள். உங்கள் காரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் காவலுக்கு நானும் போனேன். பாக்கியம் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, ஒரு குடையும் ஒரு மடக்குக் கதிரையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பினால், முந்தி செங்கல் அறுத்துக் காயப்போட்ட ஒரு பெரிய வெளி. அதில் இப்போது கார் ஓட்டப் பிரியமுள்ள சிலர் சேர்ந்து ஒரு கழகம் தொடங்கி, தார் போட்டு, ஏழு வளைவு வைத்து, ஓட்டத்திடல் ஒன்று கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது வெயில் ஏறுமுன்பே பத்திருபது கார்கள் வந்து நின்றன. எல்லாம் நிலத்தைத் தொட்டுக்கொண்டு, புகைக்குழாயால் உறுமுகிற கார்கள். நடுவில் உங்கள் லான்சர் மட்டும் கோயிலுக்குப் போகிற வழியில் பாதை தவறி வந்ததுபோல் நின்றது.

பதிவு மேசையில் புத்தகத்தைப் பார்த்தால், இலக்கம் இருபத்தேழு, ஓட்டுநர் பெயர் அருளம்பலம், வயது அறுபத்தொன்று. "இது பிழையாகப் பதிந்திருக்கிறது, திருத்த வேண்டும்" என்று நான் பேனையை எடுத்தேன்.

"பிழையில்ல அப்பா," என்றாள் கீர்த்தனி. "நான்தான் போன மாசம் உங்கட பேரக் குடுத்தனான்."

"என்ன விளையாட்டு இது? நான் ரேஸ் ஓடவோ?"

"ரேஸ் இல்லையப்பா. எங்க பாக்கிறது, காரை எப்பிடிக் கட்டுப்படுத்திறது எண்டு சொல்லித் தருவினம். நான் போனாப் பிறகு அம்மாவ ஆர் கிளிவெட்டிக்குக் கொண்டுபோறது? சொல்லுங்கோ."

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "வெயில் ஏற முதல் போங்கோ" என்று மட்டும் சொல்லி, குடையை விரித்துக்கொண்டு கதிரை போடப் போய்விட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தத் திறப்பு அன்றுதான் என் கைக்கு வந்தது, அத்தான். அதில் நீங்கள் கோத்துவிட்ட சிவப்பு நூல்கூட அப்படியே இருந்தது. என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

எனக்குப் பயிற்றுநராக வந்தவர் ஜெஸீமா என்று கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். முக்காட்டுக்கு மேலே தலைக்கவசம், காலில் ஓட்டச் சப்பாத்து. வாப்பா கூரை ஓடு ஏற்றுகிற லொறியில் பதினெட்டு வயதில் பழகினவராம், இப்போது பெண்களுக்குக் கார் பழக்குகிறாராம், இந்தத் திடலில் அவர் ஓடின நேரத்தை இன்னும் ஒரு ஆம்பிளையும் முறியடிக்கவில்லையாம். இதையெல்லாம் கீர்த்தனி சொன்னாள், அவர் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, கதவை மெல்லச் சாத்தினார். உங்கள் சார்பில் அதைக் கவனித்து மகிழ்ந்தேன். எனக்கும் ஒரு தலைக்கவசம் தந்தார்கள். அதை மாட்டியதும் ஒரு புதுத் தொல்லை. என் மூக்குக்கண்ணாடி மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் என்று இரண்டாகப் பிரித்தது. கவசம் நெற்றியை அழுத்த, கண்ணாடி மேலே ஏறிவிட்டது. கீழ்ப் பாதிதான் கண்ணுக்கு நேரே நின்றது. பெற்றோல் முள்ளும் வேக முள்ளும் அச்செழுத்துப்போல் தெரிந்தன. கார் மூக்குக்கு அப்பால் உலகம் கஞ்சிபோல் இருந்தது.

இந்த நிலைமையை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு அப்படியே ஓட்டினேன். முதல் சுற்றில் வளைவுக்கு வளைவு செம்மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் வருமட்டும் எனக்கு அவை தெரியாது, தெரிந்த பிறகு வேறொன்றும் தெரியாது. ஒன்றை முட்டினேன். இரண்டாவதைத் தப்பவேண்டும் என்று கண்வெட்டாமல் பார்த்து அதையும் முட்டினேன். நாலாவது வளைவில் ஒரு கூம்பு உங்கள் காருக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு, கரகரவென்று சத்தம் போட்டபடி ஒரு முழுச் சுற்றும் எங்களோடு வந்தது. எஞ்சின்தான் கழன்று விழுகிறது என்று நான் நினைத்து, உங்களுக்கு என்ன சொல்வது என்று அப்போதே வசனம் அமைக்கத் தொடங்கிவிட்டேன். நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது மொத்தம் பதினொரு கூம்பு சரிந்து கிடந்தது. வைத்ததே பதினான்கு. பவுசர் என்கிற தண்ணீர்த் தாங்கி லொறியை ஓட்டிவந்த றம்ஸான் என்பவர் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு வந்து, "பரவாயில்ல ஐயா, மூணு தப்பிச்சிட்டு" என்றார்.

ஜெஸீமா சிரிக்கவில்லை. "ஐயா, கூம்ப முட்ட முந்தி நீங்க எங்க பாத்தீங்க?" என்று கேட்டார்.

"கூம்பைத்தான் பிள்ளை. முட்டக் கூடாதெண்டு பாத்தனான்."

"அதுதான் முட்டின. ஒங்கட கண்ணு போற இடத்துக்குக் கை போகும், கை போற இடத்துக்குக் காரு போகும். பயப்புடுற சாமானப் பாத்தா அதுக்குள்ளதான் போய் விழுவீங்க. போக வேண்டிய இடத்தப் பாருங்க."

மஞ்சள் பலகையின் கதையை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு அவர் என் மூக்குக்கண்ணாடியைக் கவனித்து, கவசத்தைக் கழற்றி, உள்ளே ஒரு லேஞ்சித் துணியை மடித்து வைத்துத் திரும்ப மாட்டினார். கண்ணாடி இறங்கி மேல் பாதி கண்ணுக்கு நேரே வந்தது. அத்தான், ஏழாவது வளைவு அதற்கு முன் இருந்ததே எனக்குத் தெரியாது. அங்கே ஒரு வளைவு இருந்தது! பிறகு ஆசனத்தை முன்னுக்குத் தள்ளி நிமிர்த்தினார். ஸ்டியரிங்கின் உச்சியைக் கட்டிப்பிடித்திருந்த என் கைகளைப் பிரித்து இரண்டு பக்கத்திலும் வைத்தார். கார் மூக்குக்குக் கிட்டவே பார்க்கிற பழக்கம் போகவேண்டும் என்று சொல்லி, றம்ஸான் தன் காலைச் சாப்பாட்டைச் சுற்றிவந்த பத்திரிகையை வாங்கி முன்கண்ணாடியின் கீழ்ப் பாதியில் ஒட்டினார். அந்த நேரத்தில்தான் யாரோ அந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். பசை நாடா ஒட்டிய அடையாளத்தை நான் நேற்றே துடைத்துவிட்டேன்.

இரண்டாவது ஓட்டம் முழுவதும் அவர் ஒரே ஒரு பாட்டுத்தான் பாடினார். "வளைவுக்குள்ள போக முந்தி உள்மூலையப் பாருங்க. மூலைக்கிட்ட வந்தா அதை விட்டுப்போட்டு வெளிய போற வழியப் பாருங்க. தலையத் திருப்புங்க ஐயா, கழுத்து சுளுக்காது. பிறேக்க நேர் ரோட்டிலயே புடிச்சிருங்க, வளைவுக்குள்ள புடிச்சா காரு குழம்பும்." பத்திரிகை கீழே மறைத்ததால் எனக்கும் தூரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை, ஒட்டியிருந்தது மரண அறிவித்தல் பக்கம் என்பதால் அதைப் பார்க்கவும் மனம் வரவில்லை. கண் முன்னால் போகப் போக, கை தானாகப் பின்னால் வந்தது. அன்று இரண்டாவது ஓட்டத்தில் சரிந்த கூம்புகள் மூன்று. நான் நிறுத்தியதும் பாக்கியம் குடைக்குக் கீழேயிருந்து விரல்களால் மூன்று காட்டினாள். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சாப்பாட்டுக்கு நிழலில் உட்கார்ந்தபோது பாக்கியம் ஜெஸீமாவுக்கும் இடியப்பம் வைத்துக் கொடுத்தாள். "இவர் வீட்டிலயும் இப்பிடித்தான் தங்கச்சி," என்றாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் வருமோ எண்டு அதையே நினைச்சுக்கொண்டு தனக்குக் காய்ச்சல் வரப்பண்ணுற ஆள்." நான் மறுத்தேன். கீர்த்தனி, "அப்பா, நான் கொழும்புக்குப் போறன் எண்டு சொன்ன நாளில இருந்து நீங்கள் பேப்பரில கொழும்பு விபத்துச் செய்தியள மட்டும்தானே வாசிக்கிறியள்" என்றாள். அதையும் மறுத்தேன். பிறகு சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று பேச்சை மாற்றினேன்.

மத்தியானத்துக்குப் பிறகு சறுக்கல் பயிற்சி. இதை வாசிக்கும்போது அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சீமெந்துத் தளம் ஒன்றில் றம்ஸான் பவுசரால் தண்ணீர் அடித்துவிட, அதற்குமேல் சவர்க்கார நுரையும் ஊற்றி, அதில் காரை வேண்டுமென்றே சறுக்கவிடுவார்கள். உங்கள் லான்சரில் பின்சில்லுகள்தான் தள்ளுகின்றன என்பதால் அதன் பின்பக்கம் வாலாட்டுகிற நாய்போல் முன்னுக்கு வரப் பார்த்தது. முதல் தடவை நான் பிறேக்கை ஏறி மிதித்தேன், நாங்கள் இரண்டரைச் சுற்றுச் சுற்றி வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது தடவை முருகா என்றேன். மூன்றாவது தடவை, "பிறேக்க உடுங்க! எக்ஸிலேற்றரயும் மெல்ல உடுங்க! அந்தப் பனையப் பாருங்க, பனைய!" என்று ஜெஸீமா கத்த, நான் பனையைப் பார்த்தேன், கை தானாகத் திரும்பியது, கார் உடம்பைக் குலுக்கிக்கொண்டு நேராக நின்றது. இருக்கையின் வழியாக முதுகில் ஒரு சின்ன அசைவு முதலில் வரும், அது வந்ததுமே கண்ணைத் தூக்க வேண்டும். அந்த அசைவை நான் அறிந்துகொண்டேன், அத்தான். இத்தனை வருடம் உங்கள் காரை ஓட்டியிருக்கிறேன். அது என்னோடு கதைக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனித்தான் முக்கியமான பகுதி. மூன்றாவது ஓட்டத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள், வேக முள்ளைப் பத்திரிகை மறைக்காவிட்டாலும் நான் பார்க்கவில்லை, அப்படிப் பார்க்கக் கூடாது என்பதுதான் பாடம். ஐந்தாவது வளைவுக்கு வெளியே றம்ஸான் பவுசரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். பவுசரின் குழாய் சரியாக இறுகாமல் தண்ணீர் ஒழுகி, வளைவின் நடுவில் தேங்கி நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் வளைவுக்குள் போனதும் முதுகில் அந்த அசைவு வந்தது. பின்பக்கம் வெளியே போனது. நேரே பவுசர். பச்சை நிறம், யானை அளவு, "குடிநீர்" என்று பெரிய எழுத்து. மாசி மாதத்துப் பலகை மூன்று மொழியில் வந்தது, இது ஒரே சொல்லோடு வந்தது. "பவுசரப் பாக்காதீங்க ஐயா! ரோட்டப் பாருங்க!" என்று ஜெஸீமாவின் குரல். தூரத்தில் பாக்கியம் கதிரையிலிருந்து எழும்பியதாகப் பிறகு அறிந்தேன். அந்த ஒரு நொடியில், அத்தான், நான் பவுசரைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி வீதியைப் பார்த்தேன். வளைவு முடிகிற இடம் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் வேலிக்கட்டையில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றதுகூடத் தெரிந்தது. பிறேக்கைத் தொடவில்லை. கை தன் வேலையைச் செய்தது. லான்சர் ஒரு தரம் அந்தப் பக்கம், ஒரு தரம் இந்தப் பக்கம் ஆடி, பவுசருக்கு ஒரு முழ இடைவெளியில் கடந்து, நேர் வீதிக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தியபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். றம்ஸான் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்து, "அல்லாவே, பவுசருக்கு ஒண்டுமில்லையே!" என்றார். ஜெஸீமாவுக்கும் மூச்சு வாங்கியது. பிறகு, "நல்லாப் பாத்தீங்க ஐயா" என்றார். நான் கைகளைத் தூக்கிப் பார்த்தேன். நடுங்கவில்லை. இரண்டு கையும் கல்லுப்போல் நின்றன. இதை எழுதும் கையும் அப்படித்தான் இருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்கு விளங்கும்.

கடைசி ஓட்டத்தில் பத்திரிகையைக் கிழித்து எடுத்துவிட்டு, "இப்ப தனியப் போய்ட்டு வாங்க" என்று ஜெஸீமா இறங்கிக்கொண்டார். தனியாக மூன்று சுற்று ஓடினேன். ஏழு வளைவிலும் கண் முன்னால் போனது, கார் பின்னால் வந்தது. ஒரு கூம்பும் சரியவில்லை. வந்திருந்த எல்லாக் காரிலும் குறைந்த வேகம் என்னுடையதுதான் என்று அறிவித்தார்கள். நீங்கள் கவலைப்படக் கூடாது என்பதற்காக அதை இங்கே குறிப்பிடுகிறேன். கீர்த்தனி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பாக்கியம் கதிரையை மடித்துக்கொண்டு வந்து, பின்னால் ஏறாமல், முன்பக்கம் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "சரி, வீட்ட போவம், நீங்களே ஓட்டுங்கோ" என்றாள். கப்பல்துறையிலிருந்து பாலையூற்று வரைக்கும் நான்தான் ஓட்டினேன். வழியில் மாடுகள் நின்றன, கம்பங்கள் நின்றன, ஒரு கலியாண வீடும் இருந்தது. எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆகவே அத்தான், உங்கள் காருக்கு ஒரு கீறலும் இல்லை, இலக்கம் கதவிலிருந்து சுத்தமாக எடுபட்டுவிட்டது, அடியில் மாத்திரம் கொஞ்சம் செம்மஞ்சள் நிறம் ஒட்டியிருக்கிறது, கழுவினால் போகும். வருகிற வெள்ளிக்கிழமை பாக்கியத்தைக் கிளிவெட்டிக்கு நானே கொண்டுபோக உத்தேசம். நாற்பதுக்கு மேல் போகேன் என்று வாக்களிக்கிறேன். ஆனால் ஐந்து பேர் பார்த்த ஒரு விடயத்தை மறைக்க ஏலாது என்பதால் சொல்கிறேன்: கண் என்றால் உங்கள் மைத்துனனுடைய கண், அத்தான். துறைமுகக் கந்தோரில் வீணாகிப்போய்விட்டது.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இரத்த அழுத்தம் இறங்கவும், பனி வீதிகளில் நீங்கள் பத்திரமாக ஓட்டவும் அம்மாள் துணை நிற்கட்டும். நீங்களும் தூரத்தைப் பார்த்தே ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பணிவுள்ள மைத்துனன்,
சி. அருளம்பலம்

பி.கு.: அண்ணா, இது பாக்கியரத்தினம் எழுதுறது. ஒட்டித் தபாலில போடச் சொல்லி இவர் கடிதத்த என்னட்டத் தந்தவர். ஒட்ட முதல் வாசிச்சுப் பாத்தனான். எல்லாம் சரி, ஒண்டைத் தவிர. பவுசருக்குக் கிட்டப் போகேக்க இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தவர். எட்டி ஸ்டியரிங்கப் பிடிச்சுத் திருப்பினது ஜெஸீமாத் தங்கச்சி. பிறகு கை கழுவேக்க எனக்கு மட்டும் சொன்னவ. "அக்கா, ஐயா முருகா எண்டு கண்ண மூடிட்டாரு. ஆனா தான் பாத்ததா நினைக்கிறாரு, நான் ஒண்டும் சொல்லல்ல" எண்டு. கொக்கும் அங்க நிக்கேல்ல, அந்தப் பக்கம் வேலியே இல்ல. இவர் பொய் சொல்லேல்ல அண்ணா, கண்டதெண்டுதான் நம்புறார். கடைசியாத் தனிய ஓடினது மட்டும் உண்மை. அது நான் என்ர கண்ணால பாத்தனான், கை நடுங்கேல்ல. அதுதான் பக்கத்தில ஏறி இருந்தனான். வெள்ளிக்கிழமையும் இவரோடதான் போறன். இந்தத் துண்ட வாசிச்ச உடன கிழிச்சுப்போடுங்கோ. இவர் போன் எடுத்துக் கேட்டால், "ஓம், கண் எண்டால் அப்பிடி இருக்கவேணும்" எண்டு மட்டும் சொல்லுங்கோ.